குழந்தைகள் கூடிச் சமைக்கும் ஆட்டம்

நடனம் கற்பிப்பது வேறு. நடனத்தை உண்டாக்கக் கற்பிப்பது வேறு. முன்னதற்கு நம் நாட்டில் நெடிய பரம்பரை உண்டு. நட்டுவனாரின் தட்டுக்கழி ஒலிக்க, அதற்கிசையத் தட்டடவில் தொடங்கி, அடவு வரிசைகளை ஒவ்வொன்றாகக் கடந்து அலாரிப்புக்கு வந்து, பல்லாண்டு அப்பியாசத்துக்குப் பிறகு வர்ணத்தைத் தொடுகிற மாணவி, அவற்றில் ஒரு கையசைவையேனும் தன் மனம்போல் மாற்றுவதில்லை. மாற்றும் அதிகாரம் அவளுக்கு வந்து சேர்வதற்குள் அவளே ஆசிரியையாகும் பிராயமும் வந்துவிடுகிறது. இம்முறையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஒரு சாஸ்திரத்தைப் பழுதில்லாமல் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பதற்கு இதனினும் செம்மையான வழியை நான் அறியேன். ஆனால், ஏழெட்டு வயதுடைய நான்கு குழந்தைகளை ஒரு கூடத்தின் நடுவில் நிறுத்தி, நீங்களே சேர்ந்து ஓர் ஆட்டம் செய்யுங்கள் என்று சொல்லி, அவர்கள் மெய்யாகவே ஒன்றைச் செய்து, மறுவாரமும் அதையே மறவாமல் ஆடிக் காட்டும்படி பழக்குவது முற்றிலும் வேறொரு வித்தை. இதற்கும் இலக்கணம் உண்டு, படிமுறை உண்டு, சரித்திரமும் உண்டு.

அந்தச் சரித்திரத்தில் தவிர்க்க முடியாத பெயர் ருடால்ஃப் லாபான். இன்று பிராட்டிஸ்லாவா என்று வழங்கும் நகரில், அது ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த காலத்தில், 1879-ஆம் ஆண்டு ஒரு ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்த இவர், பின்னர் ஜெர்மனியில் நடன ஆசிரியராகப் பெரும் பிரசித்தி பெற்றார். ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத சாமானிய ஜனங்களைத் திரட்டி, பாடகர் குழுவொன்று பல குரல்களால் ஒரே கீதத்தைப் பாடுவது எப்படியோ அப்படியே பல உடல்களால் ஒரே நடனத்தை ஆடச் செய்யும் இயக்கக் குழுக்களை அவர் பல நகரங்களில் ஏற்படுத்தினார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களையொட்டி, ஏறக்குறைய ஆயிரம் பேர் பங்குகொள்ளும் ஆட்டம் ஒன்றை அவர் தயாரித்தபோது, ஒத்திகையைக் கண்ட நாஜி அரசாங்கத்தின் பிரசார மந்திரி கோயபெல்ஸ் அதற்குத் தடை விதித்தார். அதுவரையில் அதே அரசாங்கத்தின் ஊதியத்தில் நடனத் துறையை நிர்வகித்து வந்தவர்தாம் லாபான் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பதவியும் ஆரோக்கியமும் இழந்த நிலையில், 1938-இல் அவர் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்குப் புகலிடம் கொடுத்தது டெவன் மாவட்டத்தின் டார்ட்டிங்டன் ஹால். இந்த இடத்துக்கு இந்தியாவோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. இதை நிறுவிய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், ரவீந்திரநாத தாகூரின் அழைப்பை ஏற்று வங்காளத்துக்கு வந்து, 1922-இல் ஸ்ரீநிகேதனத்தின் கிராமப் புனருத்தாரண வேலையைத் தொடங்கி வைத்தவர். ஆட்டமும் பாட்டும் கைவேலையும் கல்வியின் புறத்தே நிற்பவை அல்ல என்ற கொள்கை அங்கே அவர் மனத்தில் வேரூன்றிற்று. நடனக் கலைஞர் உதயசங்கர் அல்மோராவில் தம் கலைக் கேந்திரத்தை நிறுவுவதற்கு உதவி கிடைத்ததும் இதே டார்ட்டிங்டன் வட்டாரத்திலிருந்துதான். பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை அல்மோராவுக்குப் போய்ப் பரதம் கற்பித்தார். அவரிடம் அடவு பயின்ற அதே மாணவர்கள், வேறொரு வகுப்பில், கொடுத்த கருப்பொருளைக் கொண்டு தாமே குழுவாகக் கூடி ஆட்டம் அமைத்துப் பழகினார்கள். அடவும் கற்பனையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று பகைக்காமல் வாழக்கூடும் என்பதற்கு அந்தச் சில ஆண்டுகள் சாட்சி. கேந்திரம் நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

யுத்த காலத்தில் டெவனை விட்டு வெளியேற நேர்ந்த லாபானும் அவருடைய சகாவான லீசா உல்மானும் மான்செஸ்டரில் குடியேறினார்கள். அங்கே லாபான் ஆலைத் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்து, எங்கே வலிமை வீணாகிறது, எங்கே வேகம் தடைப்படுகிறது என்று குறித்துவைத்தார். உல்மான் 1946-இல் ஆசிரியர்களுக்கான இயக்கக் கலைப் பள்ளியைத் தொடங்கினார். 1948-இல், லாபான் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே எழுதிய 'நவீன கல்வி நடனம்' என்ற பொருள்படும் பெயருடைய சிறு நூல் வெளிவந்தது. வரிசையாக நிறுத்திக் கைகால்களை ஆணைக்கேற்ப உயர்த்தச் சொல்லும் கவாத்தைத் தேகப்பயிற்சி என்று வெகுகாலம் கருதிவந்த ஆங்கில ஆரம்பப் பள்ளிகளில், இந்நூலின் கருத்து ஐம்பதுகளில் விரைந்து பரவிற்று. மேடையில் பிரமிக்கத்தக்க காட்சிகளை உண்டாக்குவதற்கன்று, நடனத்தைச் சிருஷ்டிக்கும் முயற்சியால் குழந்தைக்கு விளையும் நன்மைக்காகவே பள்ளியில் நடனம் வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்த நூலின் நடுநாயகம், பதினாறு இயக்கக் கருக்கள் கொண்ட ஒரு வரிசை. தன் உடம்பை உணர்வது முதலாவது. கனத்தையும் காலத்தையும் உணர்வது இரண்டாவது. சுற்றியுள்ள வெளியை உணர்வது மூன்றாவது. கூட்டாளி ஒருவனோடு இசைந்துபோவது ஐந்தாவதாக வருகிறது; தொழில்களின் தாளகதி எட்டாவதாக. ஆனால் குழு உணர்ச்சியைத் தட்டி எழுப்புவது என்ற கரு வருவதோ பதினான்காவது இடத்தில். ஆயிரம் பேரை ஒன்றாக அசைத்துப் பார்த்த மனிதர், குழந்தைகளின் பாடத்தில் குழுவை இவ்வளவு தாமதமாக வைத்திருப்பதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. குழந்தைகளைக் குழுவாக விட்டால் ஆட்டம் தானாகப் பிறந்துவிடும் என்று நம்புகிற ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள்; தானாகப் பிறப்பது பெரும்பாலும் சண்டைதான்.

இதற்குக் காரணம் குழந்தைகளின் சுபாவத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற பெண்மணி, பாலர் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டைக் கூர்ந்து கவனித்து 1932-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அருகருகே இருந்து ஒரே விதமான பொம்மைகளை வைத்துக்கொண்டு, ஆனால் அவரவர் விளையாட்டை அவரவர் ஆடும் ஒரு பருவம் உண்டென்றும், வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து விளையாடுவது அதற்குப் பின்னரே மிகுதிப்படுகிறதென்றும் காட்டினார். ஆகையால் நான்கு வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் ஒரே கூடத்தில் ஆடினாலும் அவை பத்துத் தனி ஆட்டங்களே. அதில் குறையொன்றும் இல்லை. ஐந்தாறு வயதில் இருவராகச் சேர்க்கலாம். ஏழெட்டு வயதில், இரண்டு இணைகளை ஒன்றாக்கி நால்வர் குழு அமைக்கலாம். மூவர் குழுவில் ஒரு பிள்ளை பெரும்பாலும் தனித்துப் போகிறது. ஐவர் குழுவிலோ ஒருவர் ஆட, ஒருவர் அதிகாரம் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆகவே, சிறுவர்களுக்கு நான்கே உசிதமான எண் என்பது என் துணிபு.

இருவர் பயிற்சியில் முதலில் வருவது கண்ணாடி ஆட்டம். ஒரு குழந்தை அசைய, எதிரே நிற்கும் குழந்தை நிலைக்கண்ணாடியில் தெரியும் பிம்பமாக அதையே செய்ய வேண்டும். தொடங்கியவுடன் எல்லாக் குழந்தைகளும் எதிராளியைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆவலில் வெகு வேகமாக அசைவார்கள். ஆசிரியை அப்போது சொல்ல வேண்டிய சொல் ஒன்றே: நான் தூரத்திலிருந்து பார்த்தால், யார் முன்னால் செய்கிறார், யார் பார்த்துச் செய்கிறார் என்று எனக்குத் தெரியக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை போதும். வேகம் தானாகக் குறைகிறது. முன்னால் செய்பவன் பின்னால் செய்பவனுக்காகக் காத்திருக்கக் கற்கிறான். அடுத்தது கேள்வியும் பதிலுமான ஆட்டம்: ஒருத்தி நான்கு எண்ணிக்கைக்கு ஓர் அசைவு செய்து சிலையாக நிற்க, மற்றவள் அதற்கு விடையாக நான்கு எண்ணிக்கைக்கு வேறொன்று செய்கிறாள். அவ்விடை முன்னதை ஒத்திருக்கலாம், மறுக்கலாம், கேலியும் செய்யலாம். இவ்வளவும் ஆனபிறகே குழு.

குழுவுக்குக் கொடுக்கும் கட்டளை எவ்வளவு விசாலமாயிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆட்டம் வறண்டு போகும் என்பது, இத்துறையில் சிறிது பழகிய எவரும் காணும் விந்தை. மழையைப் போல் ஆடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உலகத்துக் குழந்தைகள் அனைவரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, விரல்களைப் படபடத்துக்கொண்டே கீழே கொண்டுவருவார்கள். கற்பனை அவர்களுக்கு இல்லாமலில்லை. தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது, எல்லாருக்கும் தெரிந்ததைச் செய்கிறார்கள். அதே குழந்தைகளிடம், மழைக்கு முன் காற்று அப்படியே நின்றுவிடுகிறதே, அந்த நிற்பை நால்வரும் சேர்ந்து எப்படிக் காட்டுவீர்கள் என்றும், முதல் துளி யார் மேல் விழும், அது விழுந்தது மற்ற மூவருக்கும் எப்படித் தெரியும் என்றும் கேட்டால், அவர்கள் தலைகளை ஒன்றுசேர்த்துக்கொண்டு ரகசியம் பேசத் தொடங்குவதைக் காணலாம். கதையே இல்லாத கட்டளைகள் இன்னும் நன்றாகப் பயன்படுகின்றன. மூன்று சிலைகள் செய்யுங்கள். ஒன்று தரையோடு தரையாக, ஒன்று இடுப்பளவில், ஒன்று எட்டுமட்டும் உயரமாக. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எட்டு எண்ணிக்கையில் போய்ச் சேருங்கள். நடுவில் ஒரே ஒரு தடவை மட்டும் ஒருவரையொருவர் தொட வேண்டும். இதில் எங்கே தொடுவது, எதனால் தொடுவது, தொட்டவுடன் என்ன ஆகிறது என்பதை முடிவு செய்வதில் ஒரு பாடவேளையே கழிந்துவிடும்.

அசைவின் குணங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர லாபான் வகுத்த எட்டுச் செயல்கள் இங்கே கைகொடுக்கின்றன. அழுத்துதல், முறுக்குதல், குத்துதல், வீசி வெட்டுதல், வழுக்கிச் செல்லுதல், மிதத்தல், தட்டுதல், சுண்டுதல் ஆகிய எட்டும், கனம், காலம், வெளி என்ற மூன்றின் வேறுபட்ட சேர்க்கைகள். அழுத்துவது பலமானது, நேரானது, நிதானமானது. சுண்டுவது இலேசானது, வளைந்து போவது, சட்டென்று முடிவது. ஈரத் துணியைப் பிழிவதும், கொடியில் உதறிப் போடுவதும், மாவு பிசைவதும், தயிர் கடைவதும் வீட்டில் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இவற்றை விளக்க வேண்டியதே இல்லை. பிழிந்த கை முறுக்குகிறது, உதறிய கை சுண்டுகிறது. அந்தத் துணியைப் பார்வையிலிருந்து நீக்கிவிட்டு, அதே முறுக்கலை முதுகினாலும், பிறகு நால்வரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டும் செய்யச் சொல்லும்போது, வேலை நடனமாகிறது.

குழுவுக்குள் எழும் பூசலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியே நடன வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தால், அவள் முதல் நிமிஷத்திலேயே நட்டுவனாராகிவிடுகிறாள். சங்கோசமுள்ள ஒரு பிள்ளை பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது. மூன்றாமவன் தன் யோசனை ஏற்கப்படவில்லை என்று சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்கிறான். அன்போடு இருங்கள், விட்டுக்கொடுங்கள் என்று உபதேசிப்பதால் பயன் சிறிதே. ஆட்டத்தின் அமைப்பிலேயே நியாயத்தை வைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஓர் அசைவு கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அசைவையும் நால்வரும் அப்பழுக்கில்லாமல் கற்றுக்கொள்ள வேண்டும். எதையும் நிராகரிக்கக் கூடாது, ஆனால் எது முதலில், எது கடைசியில், எதை இரண்டு தடவை செய்வது என்று அவர்களே தீர்மானிக்கலாம். இந்த ஏற்பாட்டில், பேசத் தயங்கும் பிள்ளையின் அசைவும் மற்ற மூவரின் உடம்பில் ஏறிவிடுகிறது. தன் அசைவை மூன்று பேர் ஒன்றாக ஆடுவதைப் பார்க்கும் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் முதல் ஆளாக வாய் திறப்பதுண்டு.

அடுத்த இடையூறு மறதி. குழந்தைகள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றைச் செய்து, அதுவே முன்பு செய்ததும் என்று சத்தியம் செய்வார்கள். ஆதலால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அசையாத சிலை ஒவ்வொன்று வேண்டுமென்பதை மாறாத விதியாக வைக்க வேண்டும். அவ்விரண்டும் நிலைத்துவிட்டால் நடுப்பகுதி அவற்றுக்கிடையே மெல்ல மெல்லக் கட்டிக்கொள்கிறது. நடந்த வழியைத் தரையிலேயே சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளச் சொல்வதும் நல்ல உபாயம். வட்டமாகப் போனோம் என்று சொன்னவர்கள், கோட்டைப் பார்த்தபின் அது முட்டை வடிவென்று அறிந்து, வட்டமாக்குவதா, முட்டையாகவே விடுவதா என்று தர்க்கிக்கத் தொடங்குவார்கள்.

நம் நாட்டுக் கும்மியையும் கோலாட்டத்தையும் இவ்வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டிய அவசியமில்லை. முக்கியமாகப் பின்னல் கோலாட்டம், கூடி ஆட்டம் அமைப்பதற்கென்றே பிறந்த சாதனம் என்று சொல்லத் தோன்றுகிறது. உயரத்தில் கட்டிய பல வர்ணக் கயிறுகளின் நுனியை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் கடந்து ஆட ஆட, மேலே ஜடை பின்னப்படுகிறது. திரும்ப எதிர்வழியாக ஆடினால் அது அவிழ்கிறது. இங்கிலாந்தில் மே மாதத் திருநாளில் பள்ளிப் பிள்ளைகள் கம்பத்தைச் சுற்றி நாடா பிடித்து ஆடும் ஆட்டமும் இதே தத்துவந்தான். வழக்கமான பின்னலைக் கற்பித்துவிட்டுப் போவதற்குப் பதிலாக, நான்கே கயிறுகளைக் குழந்தைகளிடம் கொடுத்து, நீங்களே ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடலாம். எல்லாரும் ஒரே திசையில் சுற்றினால் கயிறு முறுக்கேறுமே அல்லாது பின்னாது என்பதும், பாதிப்பேர் எதிராகச் சென்று, ஒருவரை உள்ளாகவும் அடுத்தவரை வெளியாகவும் கடந்தால்தான் பின்னல் விழும் என்பதும், யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகின்றன. யார் தவறினார் என்று ஆசிரியை சுட்டவேண்டியதில்லை, கயிறே காட்டிக்கொடுத்துவிடும். தவறிய முடிச்சை அவிழ்க்க, வந்த வழியை நால்வரும் ஞாபகப்படுத்திப் பின்னோக்கி ஆட வேண்டியிருப்பதால், மறதிக்கும் இதைவிடச் சிறந்த மருந்து வேண்டாம்.

இங்கிலாந்தில் லாபானின் முறை பரவிய வேகத்திலேயே அதன் குறையும் வெளிப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும், விதையாகச் சுருண்டு கிடந்து மரமாக வளரும் குழந்தைகளைக் கண்டு அலுத்துப்போன விமர்சகர்கள், உணர்ச்சி இருக்கிறது, உருவம் எங்கே என்று கேட்டார்கள். ஜாக்குலின் ஸ்மித் 1976-இல் எழுதிய நடன அமைப்பைப் பற்றிய நூல் அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது: ஒரு கருவசைவைத் தேர்ந்து, அதைத் திரும்பச் சொல்லி, சிறிது மாற்றி, அதற்கு மாறான ஒன்றை எதிர்வைத்து, உச்சத்துக்குக் கொண்டுபோகும் கைவேலையை அது படிப்படியாக விளக்கிற்று. 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் ஏற்பட்ட தேசியப் பாடத்திட்டம் நடனத்தைத் தேகப்பயிற்சியின் ஒரு கிளையாக வைத்தது. கலைஞர்களுக்கு அது மனத்தாங்கல்தான் எனினும், அதனால் ஒவ்வோர் ஆரம்பப் பள்ளிக்குள்ளும் நடனம் நுழைய ஒரு வாசல் கிடைத்தது. விமர்சகர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். திரும்பச் செய்தலும் மாற்றிச் செய்தலும் குழந்தையின் சுதந்திரத்தைப் பறிப்பவை அல்ல. ஒரே வரியைப் பலவாறு விரித்துப் பாடும் நிரவலைக் கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளிடம் ஆட்டம் செய்யச் சொன்னால், அந்த வாரத்துத் திரைப்பாட்டின் அசைவுகள் அச்சுப் பிசகாமல் வந்து நிற்கும். அதைத் தடுப்பது வீண்பிரயத்தனம். அந்த அசைவையே ஒரு கச்சாப்பொருளாக ஏற்று, இதை நான்கு மடங்கு மெதுவாகச் செய்யுங்கள், படுத்துக்கொண்டு செய்யுங்கள், கைக்கு வேலையில்லாமல் முழங்காலினால் செய்யுங்கள், ஒருவர்பின் ஒருவராக இரண்டிரண்டு எண்ணிக்கை தாமதித்துச் செய்யுங்கள் என்று கேட்டால், சிறிது நேரத்தில் சினிமா மறைந்து, அவர்களுடைய சொந்தச் சரக்கு வெளிப்படுகிறது. பாட்டை மட்டும் ஆரம்பத்தில் விலக்கி வைப்பது நல்லது. சொற்களுக்கு அபிநயம் பிடிக்கும் வழக்கம் பாட்டினால்தான் வருகிறது. ஒரு கஞ்சிராவோ மரப்பெட்டியில் தட்டும் தட்டோ போதும். எட்டெட்டாக எண்ணிப் பழகிய குழந்தைகளுக்கு ஒருநாள் மிச்ர நடையில் ஏழு தட்டிப் பாருங்கள்: மூன்றும் நான்குமாகப் பிரிப்பதா, நான்கும் மூன்றுமாகவா என்று உடனே ஒரு தீர்மானம் தேவைப்படுவதால், எந்திரம்போல் ஆடிக்கொண்டிருந்த குழுவும் நின்று யோசிக்கும்.

கடைசியில் ஒரு குழு ஆட, மற்றவர்கள் பார்க்க வேண்டும். இதற்குப் பாடவேளையின் கால்பங்கையேனும் ஒதுக்காத ஆசிரியர் பாதி வேலையை விட்டுவிட்டவரே ஆவார். நன்றாயிருந்ததா என்று கேட்டால், சிநேகிதர்கள் நன்றாயிருந்தது என்பார்கள், மற்றவர்கள் இல்லை என்பார்கள். எந்த இடத்தில் நால்வரும் அசையாமல் நின்றார்கள், எந்த அசைவு திரும்ப வந்தது, யார் யாரைப் பார்த்துக் காத்திருந்தார் என்று கேட்க வேண்டும். பார்த்தவனுக்கே விடை தெரியும். அதன்பின், ஓர் இடத்தை மட்டும் மாற்றலாமென்றால் எதை மாற்றச் சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி. ஆடியவர்கள் அந்த யோசனையைக் கேட்டுக்கொண்டு மூலைக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு வருவார்கள். சில குழுக்கள் மாற்றிக்கொண்டு வரும், சில குழுக்கள் எதையும் மாற்றாமல் பழையபடியே ஆடும். ஏன் மாற்றவில்லை என்பதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருந்தால், ஆசிரியை அதை ஏற்றுக்கொண்டு அடுத்த குழுவைக் கூப்பிடலாம்.